ஆளில்லாதவர் கொட்டகை

ரப்பர் விலை விழுந்த காலம் அது. சாஆ என்கிற சிற்றூருக்கு அந்தப்புறம் இருந்த தோட்டத்தில் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் போட்டுவிட்டார்கள். வெட்டாத நிரைகளில் லாலான் புல் இடுப்பளவு ஏறிக்கிடந்தது. கூலிகள் குடியிருந்த லயங்களில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. வாரத்துக்கு ஒரு குடும்பமாவது தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பும் கப்பலுக்குப் போயிற்று. மிச்சமிருந்தவர்கள் பாதிச் சம்பளத்துக்கு மரம் வெட்டி, அரிசி வாங்க முடியாத நாளில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு கிடந்தார்கள்.

அந்த வருஷத்து அடைமழையில்தான் காளியப்பன் ஓடைக்குள் விழுந்தார்.

அவருக்குத் தோட்டத்தில் கொசுவுக்கு எண்ணெய் அடிக்கிற வேலை. முதுகில் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு, கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் பள்ளமாக இறங்கித் தேங்கின தண்ணீரில் எல்லாம் கறுப்பெண்ணெயை அடித்துவிட்டு வருவார். எந்நேரமும் அவர் மேல் அந்த வாடை இருக்கும். குளித்தாலும் போகாது. முன்பு அவரும் மரம் வெட்டியவர்தான். காய்ச்சல் கண்டு ஒரே மழைக்காலத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போன பிறகு, எண்ணெய் அடிக்க ஆள் வேண்டுமென்று துரை கேட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மதியம் ஆகியும் ஆள் திரும்பாததால் தேடிப் போனவர்கள், முழங்கால் தண்ணீரில் முதுகு டப்பாவோடு ஒருக்களித்துக் கிடந்தவரைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். இடது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி வெள்ளையம்மா பால் வாளியை நிறுவைக் கொட்டகையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். எண்ணெய் தோய்ந்த அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லை. சொல்தான் வரவில்லை.

வெள்ளையம்மா அவரைவிட வெகு இளையவள். நடக்கத் தெரிந்த வயதில் கப்பலில் வந்து, இந்த மரங்களுக்கு அடியிலேயே வளர்ந்தவள். அவளுக்கென்று இருந்தவர் அவர் ஒருவர்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, காலைத் தேய்த்துவிட எண்ணெயும் குடிக்க ஏதோ மருந்தும் கொடுத்து லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு மெல்லத் திரும்பியது, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. கையும் காலும் திரும்பவில்லை.

வெள்ளையம்மா இருட்டோடு எழுந்து கஞ்சி வைப்பாள். அவரைத் தூக்கி உட்கார வைத்து, கழுவி, துணி மாற்றி, கஞ்சியைப் புகட்டி, பெரட்டுக்கு ஓடுவாள். பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. மரம் வெட்டிக் கோப்பை வைத்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அதுவரை அவர் தனியாகத்தான் கிடக்க வேண்டும். பக்கத்து அறைக் கிருஷ்ணம்மாவுக்கும் வேலை இருந்தது. போகிற போக்கில் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் வலது கையால் தரையை இழுத்து இழுத்து அடுப்புவரைக்கும் போய்விட்டார். தாகம். அடுப்பில் கங்கு இருந்தது. நல்லவேளை, வேட்டி நுனிதான் கருகியது. மறுநாள் அவள் பழைய சேலையைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவரே இடுப்பைக் காட்டினார்.

"கட்டு, புள்ள. பெரட்டுக்கு நேரமாச்சு."

தூணில் கட்டிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பூராவும் மரத்தில் கத்தி சரியாக இறங்கவில்லை. பட்டையைக் காயப்படுத்திவிட்டாள் என்று திட்டும் வாங்கினாள்.

தூணோடு கட்டிக் கிடந்ததில் முதுகுக்குக் கீழே புண் வந்தது. வேப்பிலை அரைத்துப் போட்டாள், மஞ்சள் போட்டாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, தலைமாட்டில் வைத்துவிட்டுப் போன சீனித்தண்ணீர் கவிழ்ந்திருந்தது. செவ்வெறும்பு சாரை சாரையாக ஏறியிருந்தது. சீனித்தண்ணீரில் மட்டுமல்ல. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டுப் புண்ணைக் கழுவினாள். 

அந்த வாரத்தில்தான் சர்க்கார் சுகாதார அதிகாரி லயம் பார்க்க வந்தார். சாக்கடையைப் பார்த்தார், கக்கூசைப் பார்த்தார், ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். வெள்ளையம்மாவின் அறை வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். மறுநாள் மாலை கங்காணி ஐயாசாமி வந்தார். அவரும் உள்ளே வரவில்லை.

"வெள்ளையம்மா, தொர கூப்பிட்டுச் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"லயத்துல இப்பிடி ஒரு நோயாளிய வெச்சிருக்கக் கூடாதாம். ஈ மொய்க்குது, பக்கத்துல கைப்புள்ளைங்க இருக்குதுங்க, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா தோட்டத்துக்குத்தான் பேரு கெடும்ங்குறாரு."

"நான் தெனமும் கழுவி விட்டுட்டுத்தான் போறேன்."

"நீ கழுவுற. இல்லேங்கல. நீ மரத்துக்குப் போனப்புறம்?"

அவள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"தோட்டத்து ஆஸ்பத்திரியில போட்டு வெக்கச் சொல்லுங்க, கங்காணி. கூலியில புடிச்சிக்கச் சொல்லுங்க."

"அங்க எங்க? கட்டிலு இருக்குறதே ரெண்டோ மூணோ. காய்ச்சக்காரனுக்கே காணல. வேலைக்குத் திரும்புற ஆளுக்குத்தான் கட்டிலுன்னு தொர சொல்லிட்டாரு."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படியில் குந்தினார். கெட்ட மனிதர் இல்லை. காளியப்பனோடு ஒரே கப்பலில் வந்தவர். அதனாலேயே அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்களேன். வேலையில்லாதவங்களுக்குக் கப்பலு சும்மாத்தான் விடுறான். நீ வேலைய விட்டுட்டேன்னா உம்பேரையும் சேத்துக் குடுத்துடலாம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வேணாம்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காளியப்பன் தலையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார்.

"ஊரு வேணாம், ஐயாசாமி. யாரு இருக்கா? அண்ணன் போயிட்டாரு. வீடு விழுந்து போச்சு. மழ இல்லாம ஊர்க்காரன் மண்ணத் தின்னுக்கிட்டு இருக்கான். போனவன் அத்தன பேரும் திரும்பி வர வழி தேடுறான். இவ அங்க போயி எவன் வாசல்ல நிப்பா?"

இத்தனை பேசியதில் அவருக்கு எச்சில் ஒழுகிற்று. வெள்ளையம்மா உள்ளே போய்த் துடைத்துவிட்டு வந்தாள்.

கங்காணி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொரு வழி இருக்கு. சொன்னா நீ என்னைத் திட்டுவ."

"சொல்லுங்க."

"குளுவாங் போற ரோட்டுல சர்க்காரு ஆஸ்பத்திரி இருக்குல்ல. அதுக்குப் பின்னால ஒரு கொட்டகை போட்டிருக்கான். வயசானது, கை கால் விழுந்தது, இதுங்களுக்கெல்லாம். சோறு போட்டு, துணி குடுத்து, புண்ணுக்கு மருந்து வெச்சுக் கட்டுறானாம். பாத்துக்க ஆயா இருக்கு. கடேசி வரைக்கும் வெச்சிருப்பான்."

"அப்ப அங்கயே கொண்டு போயிறலாமே."

"ஆளில்லாதவனைத்தான் எடுப்பான், வெள்ளையம்மா. பொண்டாட்டி புள்ள இருக்குறவன எடுக்க மாட்டான். நீ வெச்சுப் பாத்துக்கன்னு திருப்பி அனுப்பிடுவான்."

கங்காணி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். அதற்குமேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

ரப்பர் தகடு ஏற்றிக்கொண்டு குளுவாங் ஸ்டேஷனுக்குப் போகிற தோட்டத்து லாரியில் இடம் பிடித்துக் கொடுத்தார் கங்காணி. தகடுக் கட்டுகளின் மேல் பாய் விரித்துக் காளியப்பனைப் படுக்க வைத்தார்கள். முந்தின நாளே வெள்ளையம்மா அவருக்குத் தலைமுழுக்காட்டி, முகம் வழித்துவிட்டு, பெட்டியில் இருந்த நல்ல வேட்டியைக் கட்டிவிட்டிருந்தாள். பாதை நெடுகத் தார்ப்பாய்த் துணியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் ரப்பர் காடு. நடுநடுவே வெட்டாமல் விட்ட மரங்களில் பழைய கோப்பைகள் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தன.

"எல்லாக் கோப்பையிலயும் கொசு முட்ட வெச்சிருக்கும்," என்றார் அவர். "எவன் கவுத்து வெக்கிறான்."

"அங்க கேட்டாங்கன்னா பேரச் சொல்லுங்க. ஊரச் சொல்லுங்க. என்னையச் சொல்லாதீங்க," என்றாள் அவள். வரும்போது பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

"ம்."

"கோவமா?"

"கழுத்து வலிக்குது. தலைய நிமித்தி வெய்யி."

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தவர், டாக்டருக்கு அடுத்தபடியாக மருத்துவம் பார்க்கிற டிரஸ்ஸர் கதிரேசு. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புச் சட்டகக் கண்ணாடி. அவரைக் கண்டாலே ஆயாக்கள் சேலையைச் சரிசெய்துகொள்வார்கள். ஆனால் காளியப்பனின் புண்ணைத் திருப்பிப் பார்த்தபோது அவர் கை மெதுவாகத்தான் பட்டது.

"ஆர் இந்தக் கிழவர்?"

"தெரியாதுங்க, ஐயா. ரோட்டோரம் கெடந்தாரு. லாரிக்காரரு பாவம்னு ஏத்திக்கிட்டாரு."

"நீர் ஆர்?"

"பக்கத்துத் தோட்டம்."

"இவருக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ? உண்மையைச் சொல்லும். சனம் இருக்கிற ஆளை இங்க எடுக்க ஏலாது. பிறகு கண்டுபிடிச்சால் எனக்குத்தான் கரைச்சல்."

"எனக்குத் தெரியாதுங்க, ஐயா. யாரும் இருக்குற மாதிரி தெரியல."

சொல்லும்போது அவள் காளியப்பனைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரஸ்ஸர் கேட்டபோது காளியப்பன் பேரைச் சொன்னார். முசிறிப் பக்கம் மேட்டுப்பட்டி என்று ஊரைச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

கொட்டகை நீளமாக இருந்தது. மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, கீழே சிமெண்டுத் தரை. இரண்டு பக்கமும் பலகைக் கட்டில்கள். பினாயில் வாடை. பெரும்பாலும் சீனக் கிழவர்கள், கொஞ்சம் தமிழர். கண் தெரியாதவர், கால் எடுத்தவர், இருமி இருமி ஓய்ந்தவர். பார்த்துக்கொள்கிற ஆயா செல்லம் எலும்பும் தோலுமான பெண், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். காளியப்பனைக் கட்டிலில் கிடத்தியதும் அவர் வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தைத் தடவிப் பார்த்தாள். வெள்ளையம்மாவை வாசல்வரை கூட்டிவந்து நிறுத்தினாள்.

"ரோட்டோரம் கெடந்த ஆளு, ஏம்மா?"

"ஆமாங்க்கா."

"நேத்துத்தான் முகம் வழிச்சிருக்கு. நகம் வெட்டியிருக்கு. நல்ல ரோடா இருக்கே அது."

வெள்ளையம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"போ தாயி," என்றாள் செல்லம். "ஞாயித்துக்கெழம வெளியாளுங்கள விடுவாங்க. தருமத்துக்கு யாரு வேணா சோறு கொண்டாந்து குடுக்கலாம். நானா எதுவும் கேக்கல, நீயும் எதுவும் சொல்லல."

அதன் பிறகு சில மாதம் நல்லபடியாகத்தான் போயிற்று. வெள்ளையம்மாவே அப்படித்தான் நினைத்தாள். ஞாயிறு காலையில் மரவள்ளியோ, கருவாட்டுக் குழம்போ, முடிந்த வாரத்தில் கொஞ்சம் சோறோ கட்டிக்கொண்டு, சாஆ ரோட்டுக்கு நடந்து பஸ் பிடிப்பாள். பஸ் இல்லாத நாளில் யாராவது மாட்டுவண்டிக்காரரைக் கெஞ்சுவாள். அவர் புண் ஆறிவிட்டிருந்தது. தினமும் மஞ்சள் மருந்து வைத்துக் கட்டினார்கள். தலைமாட்டில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. தூணில் கட்டிப்போட்டு வைத்திருந்தவரா இவர் என்று அவளுக்கு இருக்கும். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் ஆ சோங்கும் அவரும் புகையிலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெள்ளையம்மாவின் குழம்பை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு ஆ சோங் கட்டைவிரலைத் தூக்கி, "பாயிக், பாயிக்" என்பார்.

அந்நியர் மாதிரித்தான் பேசிக்கொண்டார்கள். டிரஸ்ஸர் அந்தப் பக்கம் வந்தால் அவள் கட்டிலைவிட்டு எழுந்து நின்றுகொள்வாள்.

"சாப்பிடுங்க, பெரியவரே," என்பாள்.

"நல்லா இருக்கணும், தாயி," என்பார் அவர், கண்ணில் ஒரு சிரிப்போடு. அந்தச் சிரிப்பைக் கண்டால் அந்த வாரம் முழுக்க அவளுக்கு மரம் வெட்டத் தெம்பு இருக்கும்.

பிறகு மறுபடி மழை பிடித்தது. தோட்டத்தில் எண்ணெய் அடிக்க ஆள் போடவில்லை, செலவைக் குறைக்கிறார்கள் என்று சொன்னார்கள். லயத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். வெள்ளையம்மாவும் விழுந்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தாள். கிருஷ்ணம்மா கொய்னா மருந்தைக் கரைத்து வாயில் ஊற்றினாள். எழுந்து நடக்கத் தெம்பு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சுவரைப் பிடித்துக்கொண்டு சோறாக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

கொட்டகையில் பாதிக் கட்டில்கள் வெறுமையாக இருந்தன. செல்லம் அவளைக் கண்டதும் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா போயிட்ட இத்தன நாளா?"

"காய்ச்சக்கா. அவரு?"

"இருக்காரு. நாளைக்குக் காலையில லாரி வருது."

"என்ன லாரி?"

"கொட்டகைய மூடுறாங்க. காசு இல்லையாம் சர்க்காருக்கு. சீனனுங்கள அவுங்க சங்கத்துக்காரனுங்க கூட்டிக்கிட்டுப் போறானுங்க. நம்ம ஆளுங்களுக்கு இங்க யாருமில்ல, ஊருக்கே அனுப்பிடுறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ரயிலேத்திக் கப்பலுக்குக் கொண்டு போறாங்க."

வெள்ளையம்மா தூக்குச்சட்டியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டிரஸ்ஸர் அறைக்கு ஓடினாள். உள்ளே நுழையக் கூடாது என்பதும் மறந்துவிட்டது.

"ஐயா, அவரு எம்புருசனுங்க."

கதிரேசு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர்?"

"காளியப்பன். எண்ணெய் அடிச்சவரு. எம்புருசன். நான் பொய் சொல்லிட்டேங்க. வெச்சுப் பாக்க முடியல, வேற வழியில்ல, பொய் சொன்னேன். அனுப்பிடாதீங்க, ஐயா."

"அனுப்பாமல் விட்டால் என்ன செய்வீர்? திரும்ப லயத்துக்குக் கொண்டு போவீரோ?"

"கொண்டு போறேன்."

"தோட்டத்தில விடுவினமோ?"

அவள் இன்னும் ஓர் அடி உள்ளே வந்தாள்.

"அப்ப என்னையும் சேத்து அனுப்பிடுங்க. நானும் போறேன் அவரு கூட. வேலைய விட்டுடறேன்."

டிரஸ்ஸர் வெளியே மழையைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்த மாதிரி இல்லை. களைத்த மாதிரி இருந்தார்.

"கேளும். மனுசி எண்டு நிச்சயமாத் தெரிஞ்சால் பெரிய டாக்டரிட்டச் சொல்லிப் பார்க்கலாம். புருசன் பெண்சாதியா அனுப்பலாம், இல்லாட்டி அவரை நிப்பாட்டலாம். ஆனால் அண்டைக்கு நீர்தான் ஆரும் இல்லை எண்டு சொன்னீர். இண்டைக்கு வேற கதை சொல்லுறீர். நான் எதை நம்புறது? வாரும், அவரிட்டையே கேப்பம்."

முன்னால் அவர் நடந்தார். பின்னால் அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மூச்சு வாங்கியது. இன்னும் உடம்பில் காய்ச்சல் மிச்சம் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. காளியப்பன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காளியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததைச் செல்லமும் பார்த்தாள். டிரஸ்ஸர் கட்டில் ஓரத்தில் நின்றார்.

"காளியப்பன், வடிவாப் பாத்துச் சொல்லும். இந்த மனுசி உமக்கு ஆர்?"

அவர் அவளைப் பார்த்தார். கலைந்த தலை, உள்ளே போன கண், காய்ச்சலில் கருத்துப்போன உதடு, எல்லாவற்றையும் பார்த்தார்.

"என்னவாம், சாமி?"

"உம்மட பெண்சாதி எண்டு சொல்லுறா. உம்மோட இந்தியாவுக்கு வரப்போறன் எண்டுறா."

கொட்டகையில் யாரோ இருமினார்கள். காளியப்பன் பார்வையைத் திருப்பி, விழுந்துபோன இடது கையை வலது கையால் எடுத்து மடிமேல் ஒழுங்காக வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம சோறு கொண்டாந்து குடுப்பாங்க, சாமி. புண்ணியவதி."

"பெண்சாதி இல்லையோ?"

"எனக்கு யாரும் இல்லீங்க."

"என்னங்க," என்றாள் வெள்ளையம்மா. "என்னைப் பாத்துச் சொல்லுங்க. இந்தா, பாருங்க."

அவர் பார்க்கவில்லை.

"காய்ச்ச கண்டிருக்கும் போல, சாமி, அவுங்களுக்கு. என்னமோ பேசுறாங்க. உக்கார வெச்சுத் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

டிரஸ்ஸர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்ததா என்று வெள்ளையம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. "அவர் சொல்லாமல் நான் ஒண்டும் செய்ய ஏலாது, அம்மா," என்றார். முதல் தடவையாக அவளை அம்மா என்று சொன்னார். பிறகு, "பஸ் வாற மட்டும் இரும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. தலைமேல் காளியப்பனின் வலது கை வந்து பட்டது.

"ஏன் இப்பிடிச் சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான் நானும் சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் குரலில் குத்தல் இல்லை. வாய் கோணியிருந்ததால் சிரிக்கிறாரா என்றும் சொல்ல முடியவில்லை.

"நான் சொன்னது உங்கள வாழ வெக்க."

"சரி. நானும் அதுக்குத்தான்." அவருக்கு மூச்சு முட்டியது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அங்க வந்து என்னத்தத் தின்னுவ? என்னைய எத்தன நாளு தூக்குவ? ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்பறம் ஒனக்குத் திரும்பி வரக் கப்பல் கெடைக்குமா? இங்க மரம் இருக்கு. வெல ஏறும். கிருஷ்ணம்மா இருக்கா. ஒரு காய்ச்ச வந்தா வாயில மருந்து ஊத்த ஆளு இருக்கு."

"நீங்க எப்படிப் போவீங்க? யாரு தூக்குவா? யாரு தண்ணி குடுப்பா?"

"எவனாவது குடுப்பான்."

"அங்க எறங்கி?"



செல்லம் ஒரு வாளி வெந்நீரும் துணியும் கொண்டுவந்து வைத்தாள். "நான் தொடச்சு விடணும் இவர. எனக்குக் கை ஒழியல. நீ பண்ணிக்க," என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளையம்மா அவரைத் துடைத்தாள். முகம், கழுத்து, கை இடுக்கு, முதுகு. ஆறின புண்ணின் தழும்பு வழவழவென்று இருந்தது. கால் விரல்களைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தாள். அந்தக் கொட்டகையில் முதல் தடவையாக அவள் யார் கண்ணுக்கும் பயப்படவில்லை. பிறகு கொண்டுவந்த சோற்றைக் குழம்போடு பிசைந்து ஊட்டினாள். அவர் எப்போதும்போல் மெல்ல மென்றார். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்றார். ஆமாம், வாய் கசந்து கிடந்தது, ருசி பார்க்கத் தெரியல என்றாள். ஆ சோங்கின் கட்டில் வெறுமையாக இருந்தது. அவர் போகும்போது புகையிலைப் பொட்டலத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைக் காளியப்பனின் வேட்டி முடிச்சில் கட்டிவிட்டாள்.

ரோட்டில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. கடைசி பஸ் அதுதான். ஆஸ்பத்திரியில் இரவு தங்க விடமாட்டார்கள். விடிந்தால் பெரட்டு.

"போ, புள்ள," என்றார்.

"வரேன்," என்றாள். 

திங்கட்கிழமை அவள் தன் நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். பாலில் தண்ணீர் விழாதபடி மழை அன்று விட்டிருந்தது. எந்த நேரத்துக்கு ரயில் என்று அவள் யாரையும் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் காட்டுக்குள் ரயில் சத்தம் வராது.

அவர் கப்பலைவிட்டு இறங்கினாரா, யாராவது மேட்டுப்பட்டிவரை கொண்டுபோய் விட்டார்களா, ஒரு சேதியும் இல்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் டிரஸ்ஸரைக் கேட்டாள். கப்பல் போய்ச் சேர்ந்துதாம், அதுக்குப் பிறகு அங்க இருக்கிறவையின்ர பொறுப்பு என்றார். கொட்டகையில் அப்போது அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்கள். செல்லத்துக்கு வேலை போய்விட்டது, எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

விலை ஏறவில்லை. இன்னும் விழுந்தது. கடைக்கோடியில் இருந்த லயத்தை மூடிவிட்டு ஆட்களை மற்ற லயங்களில் சேர்க்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டபோது, கங்காணி ஐயாசாமி மறுபடி வாசலில் வந்து நின்றார்.

"தனி ஆளுக்கு ஒரு அறை குடுக்க முடியாதாம், வெள்ளையம்மா. கருப்பாயின்னு ஒரு பொண்ணு வந்திருக்கு, மூவார் பக்கத்துத் தோட்டத்துலேருந்து. ரெண்டு பேரும் சேந்து இருந்துக்குங்க."

"வரட்டும்," என்றாள்.

கருப்பாயி சின்னப் பெண். வந்த அன்றைக்கே அறையைப் பெருக்கி, தன் பெட்டியைத் தூணோரம் தள்ளி வைத்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து மரவள்ளித் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். கருப்பாயி ஓயாமல் பேசினாள். அம்மா செத்தது, மாமன் விரட்டினது, எல்லாம். பிறகு கேட்டாள்.

"ஒனக்குன்னு யாரும் இல்லையாக்கா?"

வெள்ளையம்மா கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"எம்புருசன் இருக்காரு."

"எங்கக்கா?"

ஊரின் பேர் அவளுக்குத் தெரியும். ஆனால் அது எந்தத் திசையில் இருக்கிறது, எப்படிப்பட்ட ஊர், அதில் மரம் இருக்குமா, நிழல் இருக்குமா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்ததே இல்லை.

"மேட்டுப்பட்டியில," என்றாள். "முசிறிப் பக்கம்."

"அடிக்கடி வருவாரா?"

"நடக்க முடியாது அவருக்கு," என்று சொல்லிவிட்டு, வெள்ளையம்மா அடுத்த கிழங்கை எடுத்தாள்.